லினக்ஸ் ரூட் பார்ட்டிஷன் நிரம்பிவிட்டதா? அறிகுறியைப் பார்த்து இடத்தை மீட்கும் வழி

சிஸ்டம் இருக்கும் ரூட் பார்ட்டிஷன் (வட்டின் '/' பகுதி) நிரம்பினால் லினக்ஸ் எப்போதும் ஒரே மாதிரி முறையிடுவதில்லை. சில நேரம் 'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்' என்று வெளிப்படையாகச் சொல்லிவிடும். சில நேரம் கடவுச்சொல்லைச் சரியாகக் கொடுத்தாலும் உள்நுழைவுத் திரையே திரும்பத் திரும்ப வரும். அப்டேட் பாதியில் நிற்கும், டேட்டாபேஸ் தொடங்க மறுக்கும், டெர்மினலில் டேப் அழுத்தினாலே பிழை வரும். அறிகுறிக்கு ஏற்ற பகுதிக்கு நேராகப் போகலாம். ஆனால் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு விதி உண்டு: இடத்தை எந்த மென்பொருள் நிரப்பியதோ, அதன் கருவியைக் கொண்டே காலி செய்யுங்கள். கண்ணில் பட்ட பெரிய கோப்பை ஆர்எம் என்ற அழிப்புக் கட்டளை போட்டு அழிப்பவர்களுக்குத்தான் அடுத்த நாள் பேக்கேஜ் மேனேஜர் உடைகிறது, டேட்டாபேஸ் எழ மறுக்கிறது.

கட்டளைகளும் கோப்புப் பாதைகளும் இங்கே ஒலிப்படி எழுதப்பட்டுள்ளன. டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் அப்படியே குறிப்பிடப்பட்டுள்ளது. ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் முன்னால், நிர்வாகி உரிமை தரும் சூடோ தேவை.

தொடங்கும் முன் இரண்டு அளவுகள்

'டிஎஃப் -ஹெச்' கொடுத்து, கடைசி நெடுவரிசையில் '/' என்று இருக்கும் வரியைப் பாருங்கள். அடுத்து 'டிஎஃப் -ஐ' கொடுத்து அதே வரியைப் பாருங்கள். முதலாவது வட்டு இடம், இரண்டாவது ஐநோடு (கோப்புக்கான பதிவு இடம்) எண்ணிக்கை. இரண்டில் எது 100 சதவீதத்தைத் தொட்டாலும் வருவது ஒரே பிழைதான், தீர்வுதான் வேறு. ஆகவே இரண்டையும் பார்க்காமல் எதையும் அழிக்க வேண்டாம்.

உபுண்டுவில் '/டெவ்/லூப்' என்று தொடங்கும் பல வரிகள் 100 சதவீதம் காட்டும். அவை ஸ்னாப் (உபுண்டுவின் ஆப் வடிவம்) பேக்கேஜ்களின் படிக்க மட்டுமான ஸ்குவாஷ்எஃப்எஸ் பிம்பங்கள். எப்போதும் நிரம்பியேதான் இருக்கும், விட்டுவிடுங்கள்.

மொத்த அளவிலிருந்து பயன்படுத்தியதைக் கழித்தால் மிச்சம் இருக்க வேண்டும், ஆனால் 'அவெய்ல்' நெடுவரிசை பூஜ்ஜியம் காட்டுகிறதா? எக்ஸ்ட்4 கோப்பு முறைமை 5 சதவீதத்தை ரூட் என்ற நிர்வாகிப் பயனருக்கென ஒதுக்கி வைக்கிறது. 100 ஜிபி பார்ட்டிஷனில் அது 5 ஜிபி. சாதாரணப் பயனருக்கு எல்லாம் தீர்ந்த பிறகும் ரூட் உள்ளே நுழைந்து சரிசெய்ய முடிவது இந்த ஒதுக்கீட்டால்தான்.

டெஸ்க்டாப்புக்குள் நுழைய முடியவில்லை

வரைகலை அமர்வு தொடங்கும்போது ஹோம் அடைவில் சில சிறு கோப்புகளை எழுதும். எழுத இடமில்லை என்றால் அமர்வு செத்து, உள்நுழைவுத் திரை மறுபடி வரும். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தி எழுத்துத் திரைக்குப் போய், பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுங்கள். அதுவும் முடியாவிட்டால், கணினி தொடங்கும்போது வரும் கிரப் மெனுவின் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' வழியாக ரெக்கவரி மோடில் ரூட் ஷெல்லை எடுங்கள். அங்கே பார்ட்டிஷன் படிக்க மட்டும் என்ற நிலையில் இருக்கலாம். 'மவுண்ட் -ஓ ரீமவுண்ட்,ஆர்டபிள்யூ /' கொடுத்தால் எழுத முடியும்.

இந்த நேரத்தில் முழுச் சுத்தம் தேவையில்லை. ஒரு ஜிபி கிடைத்தால் போதும், மற்றதை டெஸ்க்டாப்பில் நிதானமாகச் செய்யலாம். டெபியன், உபுண்டு, மின்ட் என்றால் 'ஆப்ட் கிளீன்', பிறகு 'ஜர்னல்சிடிஎல் --ரொட்டேட்', 'ஜர்னல்சிடிஎல் --வேக்யூம்-சைஸ்=100எம்'. கடைசி எம் பெரிய எழுத்து. பெரும்பாலும் இந்த மூன்றிலேயே உள்நுழைவு திரும்பிவிடும். டேப் அழுத்தினால் வரும் 'ஹியர்-டாக்குமென்ட்' பிழையைக் கண்டு பயப்பட வேண்டாம்: பாஷ் தற்காலிகக் கோப்பு எழுத இடமின்றித் தவிக்கிறது, அவ்வளவே. பாதையை முழுதாகத் தட்டுங்கள்.

டிஎஃப் 100 காட்டுகிறது, நிரப்பியது எது என்று தெரியவில்லை

ஒவ்வோர் அடைவும் பிடிக்கும் இடத்தைக் கூட்டிச் சொல்வது டியூ. 'டியூ -எக்ஸ்ஹெச் --மேக்ஸ்-டெப்த்=1 / | சார்ட் -ஹெச்' என்று கொடுங்கள். இதில் எக்ஸ் முக்கியம். அது இல்லாவிட்டால் டியூ வெளி ஹார்ட் டிஸ்க், நெட்வொர்க் மவுண்ட், '/ப்ராக்' என எல்லாவற்றுக்குள்ளும் போய்க் கணக்கைக் கெடுக்கும். பட்டியலின் அடியில் வரும் அடைவுக்குள் அதே கட்டளையை மறுபடி ஓட்டி, ஒவ்வொரு படியாக இறங்குங்கள். என்சிடியூ நிறுவியிருந்தால் 'என்சிடியூ -எக்ஸ் /' இந்த வேலையை ஒரே திரையில் முடிக்கும். நிரம்பிய பார்ட்டிஷனில் அதைப் புதிதாக நிறுவ முயல வேண்டாம்.

'/ப்ராக்/கேகோர்' என்ற கோப்பு 128 டிபி என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகரலாம். அது வட்டிலேயே இல்லை. '/வார்/லாக்/லாஸ்ட்லாக்' எல்எஸ்ஸில் பல ஜிபி காட்டினாலும் அது ஓட்டைகள் நிறைந்த கோப்பு. உண்மையில் பிடிக்கும் இடத்தை டியூவில் பாருங்கள்.

பெரும்பாலான கணினிகளில் தேடல் '/வார்' அடைவில்தான் முடியும். அங்கே யார் எவ்வளவு பிடித்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அடுத்த படி.

'/வார்/லாக்/ஜர்னல்' பெரிதாக இருந்தால் அது சிஸ்டம்டி ஜர்னல், அதாவது சிஸ்டத்தின் லாக் பதிவு. தானாகவே பார்ட்டிஷனின் 10 சதவீதம் வரை, உச்சமாக 4 ஜிபி வரை வளரும். மேலே சொன்ன வேக்யூம் கட்டளை மூடிய ஜர்னல் கோப்புகளை மட்டுமே அழிக்கும். இப்போது எழுதிக்கொண்டிருக்கும் கோப்பைத் தொடாது. அதனால்தான் முதலில் ரொட்டேட். நிரந்தரமாகக் கட்டுப்படுத்த '/இடிசி/சிஸ்டம்டி/ஜர்னல்டி.கான்ஃப்' கோப்பில் 'சிஸ்டம்மேக்ஸ்யூஸ்=300எம்' என்று எழுதி, சிஸ்டம்டி-ஜர்னல்டி சேவையை மறுதொடக்கம் செய்யுங்கள். அந்தப் பெயரில் எஸ், எம், யூ மூன்றும் பெரிய எழுத்து, 300க்குப் பின்னுள்ள எம்மும் பெரியது.

'/வார்/லாக்' அடைவில் சிஸ்லாக், கெர்ன்.லாக் போன்றவை பல ஜிபி ஆகியிருந்தால் அழிக்கும் முன் 'டெயில்' கொடுத்துக் கடைசி இருபது வரிகளைப் படியுங்கள். ஒரே வரி நொடிக்குப் பலமுறை வந்துகொண்டிருந்தால் நோய் அங்கே இருக்கிறது; பிசிஐஇ பஸ் பிழை அடிக்கடி மாட்டும் ஒன்று. லாக்கை எத்தனை முறை துடைத்தாலும் அந்தக் கோளாறு தீராமல் இடம் நிற்காது. துடைப்பதற்கு 'ட்ரங்கேட் -எஸ் 0' கொடுத்துக் கோப்புப் பெயரைச் சேருங்கள். ஆர்எம் வேண்டாம், காரணம் அடுத்த பகுதியில். எண்ணோடும் ஜிஇசட் என்ற முடிவோடும் இருக்கும் பழைய லாக்குகளை மட்டும் தாராளமாக அழிக்கலாம்.

'/வார்/கேஷ்' பேக்கேஜ் சேமிப்பு. டெபியன் குடும்பத்துக்கு 'ஆப்ட் கிளீன்', ஃபெடோரா குடும்பத்துக்கு 'டிஎன்எஃப் கிளீன் ஆல்'. ஆர்ச் லினக்ஸின் பேக்கேஜ் மேனேஜரான பாக்மேன் பழைய பதிப்புகளைத் தானாக அழிப்பதே இல்லை. பாக்மேன்-கான்ட்ரிப் பேக்கேஜில் வரும் 'பாக்கேஷ் -ஆர்' ஒவ்வொன்றிலும் கடைசி மூன்று பதிப்புகளை விட்டுவைத்து மற்றவற்றை நீக்கும். அப்டேட் கோளாறு செய்தால் பின்வாங்க அந்த மூன்றும் உதவும். ஆகவே முழுச் சேமிப்பையும் ஒரேயடியாகத் துடைப்பது நல்ல பழக்கமல்ல.

'/வார்/லிப்/ஸ்னாப்டி' ஒவ்வொரு ஸ்னாப்புக்கும் பழைய பதிப்பு ஒன்றையாவது வைத்திருக்கும். 'ஸ்னாப் லிஸ்ட் --ஆல்' பட்டியலில் 'டிசேபிள்டு' என்று இருப்பவற்றை 'ஸ்னாப் ரிமூவ்', பெயர், '--ரிவிஷன்=' எண் என்று ஒவ்வொன்றாக நீக்கலாம். நேரடியாக அடைவுக்குள் போய் அழித்தால் ஸ்னாப்டியின் கணக்கு குழம்பும். நீக்கிய ஸ்னாப்பின் தரவுப் பிரதியும் சில காலம் தங்கும்; 'ஸ்னாப் சேவ்டு' காட்டும், 'ஸ்னாப் ஃபர்கெட்' நீக்கும். ஃப்ளாட்பேக்குக்கு 'ஃப்ளாட்பேக் அன்இன்ஸ்டால் --அன்யூஸ்டு' ஒன்றே போதும், எந்த ஆப்பும் பயன்படுத்தாத பழைய ரன்டைம்கள் போய்விடும்.

'/வார்/லிப்/டாக்கர்' (நிரல்களைத் தனித்தனிக் கன்டெய்னர்களில் ஓட்டும் டாக்கரின் இடம்) என்றால் பொறுமை வேண்டும். முதலில் 'டாக்கர் சிஸ்டம் டிஎஃப்'. இமேஜ், கன்டெய்னர், வால்யூம், பில்ட் கேஷ் என்று தனித்தனியாகப் பிரித்துக் காட்டும். பில்ட் கேஷ் பெரிதென்றால் 'டாக்கர் பில்டர் ப்ரூன்', தயங்காமல் செய்யலாம். 'டாக்கர் சிஸ்டம் ப்ரூன்' நின்றுபோன கன்டெய்னர்களையும் பெயரற்ற இமேஜ்களையும் எடுத்துவிடும். அதோடு '--வால்யூம்ஸ்' சேர்ப்பதற்கு முன் நன்றாக யோசியுங்கள், டேட்டாபேஸ் தரவு பெரும்பாலும் வால்யூமில்தான் இருக்கிறது. டாக்கர் சிஸ்டம் டிஎஃப் கணக்கில் வராமலே இடம் விழுங்குவது கன்டெய்னர்களின் ஜேசன் லாக். '/வார்/லிப்/டாக்கர்/கன்டெய்னர்ஸ்' அடைவில் டியூ ஓட்டினால் பிடிபடும். ட்ரங்கேட் செய்து, '/இடிசி/டாக்கர்/டேமன்.ஜேசன்' கோப்பில் 'மேக்ஸ்-சைஸ்' வரம்பு வையுங்கள். அந்த வரம்பு புதிதாக உருவாக்கும் கன்டெய்னர்களுக்கே பொருந்தும். பழையதை மறுதொடக்கம் செய்தால் போதாது, நீக்கி மறுபடி உருவாக்க வேண்டும்.

'/வார்/லிப்/சிஸ்டம்டி/கோர்டம்ப்', '/வார்/க்ராஷ்' இரண்டிலும் இருப்பவை நின்றுபோன நிரல்களின் நினைவகப் பிரதிகள். பிழை ஆராயும் வேலை இல்லையென்றால் அழிக்கலாம். ஹோம் அடைவும் ரூட் பார்ட்டிஷனிலேயே இருந்தால் '.கேஷ்' அடைவையும் குப்பைத் தொட்டியையும் பாருங்கள். ஃபைல் மேனேஜரை ரூட்டாகத் திறந்து அழித்தவர்களின் கோப்புகள் '/ரூட்/.லோக்கல்/ஷேர்/ட்ராஷ்' அடைவில் யாருக்கும் தெரியாமல் கிடக்கும். இதில் ட்ராஷின் முதலெழுத்து பெரியது.

பெரிய கோப்பை அழித்தும் இடம் கூடவில்லை

லினக்ஸில் ஆர்எம் அழிப்பது கோப்பின் பெயரை மட்டும். ஏதாவது நிரல் அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கும் வரை அதன் உள்ளடக்கம் வட்டில் அப்படியே இருக்கும். டியூ கண்ணுக்கு அது தெரியாது, டிஎஃப் மட்டும் கணக்கில் வைத்திருக்கும். லாக் கோப்புகளை ஆர்எம் செய்யாதீர்கள் என்பது இதனால்தான்.

'எல்எஸ்ஓஎஃப் +எல்1' கொடுத்தால் பெயர் போன, ஆனால் இன்னும் திறந்திருக்கும் கோப்புகள் அளவோடு வரும். எல் பெரிய எழுத்து. பட்டியலில் உள்ள சேவையை மறுதொடக்கம் செய்த நொடியில் இடம் திரும்பும். நிறுத்தவே முடியாத சேவை என்றால், பட்டியலில் உள்ள பிஐடி (ஓடும் நிரலின்) எண்ணையும் எஃப்டி (திறந்த கோப்பின்) எண்ணையும் எடுத்துக்கொண்டு, ரூட் ஷெல்லில் 'ட்ரங்கேட் -எஸ் 0 /ப்ராக்/பிஐடி/எஃப்டி/எண்' என்ற வடிவில் ஓட்டலாம். இது லாக் கோப்புக்கு மட்டும். டேட்டாபேஸின் திறந்த கோப்பில் செய்தால் தரவு போச்சு.

ட்ரங்கேட் செய்த பிறகு எல்எஸ்ஸில் லாக்கின் அளவு மறுபடி பழைய ஜிபி காட்டினால், அந்த நிரல் கோப்பை அப்பெண்ட் (எப்போதும் கடைசியில் சேர்க்கும்) முறையில் திறக்கவில்லை என்று பொருள். எழுதும் இடத்தை அது பழைய எண்ணிலேயே நினைவில் வைத்திருக்கிறது. வட்டில் உண்மையான இடம் விடுபட்டிருக்கும். டியூவைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

டியூ கூட்டுத்தொகைக்கும் டிஎஃப் எண்ணுக்கும் பெரிய வித்தியாசம்

எல்எஸ்ஓஎஃப்பில் எதுவும் சிக்காமலே 40 ஜிபி காணவில்லை என்றால், கோப்புகள் மவுண்ட் பாயிண்ட்டுக்கு (வேறு டிஸ்க் இணையும் அடைவுக்கு) அடியில் இருக்கின்றன. வழக்கமான கதை இது: பேக்கப் ஸ்கிரிப்ட் '/எம்என்டி/பேக்கப்' அடைவில் எழுத வேண்டும், ஓர் இரவு வெளி டிஸ்க் மவுண்ட் ஆகவில்லை, ஸ்கிரிப்ட் அதைப் பார்க்காமல் ரூட் பார்ட்டிஷனிலேயே முழுப் பேக்கப்பையும் கொட்டியது, காலையில் டிஸ்க் மவுண்ட் ஆகி, கொட்டியதை மூடிவிட்டது. பாயைத் தூக்கிப் பார்த்தால்தான் அடியில் இருப்பது தெரியும்.

தூக்குவதற்கு டிஸ்க்கைக் கழற்ற வேண்டியதில்லை. காலியான ஓர் அடைவை, '/எம்என்டி/ரூட்' என்று வைத்துக்கொள்வோம், உருவாக்கி 'மவுண்ட் --பைண்ட் / /எம்என்டி/ரூட்' கொடுங்கள். அதற்குள் மற்ற மவுண்ட்கள் எதுவும் வராமல் ரூட் பார்ட்டிஷன் மட்டும் தெரியும். அங்கே டியூ ஓட்டி, மறைந்திருந்ததை அழித்து, 'யூமவுண்ட்' செய்யுங்கள். மறுபடி நேராமல் இருக்க, டிஸ்க் மவுண்ட் ஆகாத நேரத்தில் அந்தக் காலி அடைவுக்கு 'சிஹெச்ஆட்டர் +ஐ' கொடுத்துவிடுங்கள். அதன் பிறகு டிஸ்க் இல்லாதபோது ரூட்டாலும் அதில் எழுத முடியாது, ஸ்கிரிப்ட் பிழையோடு நிற்கும். நிற்பதுதான் நமக்கு வேண்டியது.

இடம் தாராளமாக இருக்கிறது, ஆனாலும் அதே பிழை

'டிஎஃப் -ஐ' 100 காட்டினால் ஐநோடு தீர்ந்துவிட்டது. எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் ஐநோடு வேண்டும். அதன் எண்ணிக்கை பார்ட்டிஷனை ஃபார்மேட் செய்யும்போதே முடிவாகிறது, வழக்கமாக 16 கேபிக்கு ஒன்று. பின்னால் கூட்ட முடியாது. எக்ஸ்எஃப்எஸ் தேவைக்கேற்ப உருவாக்கிக்கொள்ளும், பிடிஆர்எஃப்எஸ்ஸில் இந்த வரம்பே இல்லை.

'டியூ --ஐநோட்ஸ் -எக்ஸ் --மேக்ஸ்-டெப்த்=1 / | சார்ட் -என்' கொடுத்து முன்போலவே படிப்படியாக இறங்குங்கள். பிஹெச்பி செஷன் அடைவு, அனுப்பப்படாத மெயில் வரிசை, இணையதள மென்பொருளின் கேஷ் ஆகியவைதான் வழக்கமான குற்றவாளிகள். லட்சக்கணக்கான கோப்புகள் இருக்கும் இடத்தில் 'ஆர்எம் *' கொடுத்தால் 'ஆர்க்யுமென்ட் லிஸ்ட் டூ லாங்' என்று திருப்பி அனுப்பும். 'ஃபைண்ட்' கட்டளையில் அடைவுப் பாதை, '-டைப் எஃப்', '-எம்டைம் +7', கடைசியில் '-டெலீட்' என்று இதே வரிசையில் கொடுங்கள். டெலீட் முன்னால் வந்துவிட்டால் மற்ற நிபந்தனைகளைப் பார்க்காமலே எல்லாவற்றையும் அழித்துவிடும். முதல் ஓட்டத்தில் டெலீட்டை விட்டுவிட்டுப் பட்டியலை மட்டும் பார்ப்பது நல்லது.

இரண்டு அளவும் சரியாக இருந்து, எடிட்டரோ 'டெயில் -எஃப்' கட்டளையோ மட்டும் இடமில்லை என்று புலம்பினால், அது வட்டின் பிரச்சினையே அல்ல. கோப்பு மாற்றங்களைக் கவனிக்கும் ஐநோட்டிஃபையின் வரம்பு தீர்ந்தாலும் கெர்னல் இதே பிழை எண்ணைத்தான் தருகிறது. 'சிஸ்சிடிஎல்' வழியாக 'எஃப்எஸ்.ஐநோட்டிஃபை.மேக்ஸ்_யூசர்_வாட்சஸ்' மதிப்பைப் பார்த்து, 524288 என்று உயர்த்துங்கள்.

/பூட் மட்டும் நிரம்பிவிட்டது

தனியாக 500 எம்பி, 1 ஜிபி என்று பிரித்த பூட் பார்ட்டிஷனில் ஒவ்வொரு கெர்னல் அப்டேட்டும் ஒரு கெர்னலையும் அதைத் தொடங்க உதவும் ஓர் இனிட்ராம்எஃப்எஸ் பிம்பத்தையும் சேர்க்கும். பழையதை நீக்காவிட்டால் சில அப்டேட்களிலேயே மூச்சு முட்டும். 'யூநேம் -ஆர்' இப்போது ஓடும் கெர்னலைக் காட்டும். அதையும் அதற்கு முந்தைய ஒன்றையும் தொடாதீர்கள். டெபியன் குடும்பத்தில் 'ஆப்ட் ஆட்டோரிமூவ் --பர்ஜ்' மற்றவற்றை நீக்கும். ஃபெடோராவில் '/இடிசி/டிஎன்எஃப்/டிஎன்எஃப்.கான்ஃப்' கோப்பில் உள்ள 'இன்ஸ்டால்ஒன்லி_லிமிட்' மதிப்பு எத்தனை கெர்னல் தங்கலாம் என்பதை முடிவு செய்கிறது. 3 இருந்தால் 2 ஆக்கலாம்.

சிக்கல் முற்றிய நிலையில் ஆப்ட்டே ஓடாது. பாதி நிறுவிய கெர்னலை முடிக்கச் சொல்லும், முடிக்கப் போனால் பூட்டில் இடமில்லை என்று விழும், மறுபடி அதையே சொல்லும். இந்த வட்டத்தை உடைக்க ஒரே ஒரு இடத்தில் விதியை மீறலாம்: ஓடாத மிகப் பழைய கெர்னலின் 'இனிட்ஆர்டி.இமேஜ்' கோப்பை '/ரூட்' அடைவுக்கு 'எம்வி' செய்யுங்கள். கிடைத்த இடத்தில் 'ஆப்ட் -எஃப் இன்ஸ்டால்' ஓட்டி, உடனே அந்தப் பழைய கெர்னல் பேக்கேஜையும் பர்ஜ் செய்யுங்கள். எல்லாம் சரியாக பூட் ஆன பிறகு நகர்த்திய கோப்பை அழிக்கலாம். பூட் எப்போதும் நெருக்கடியிலேயே இருக்கிறதென்றால் '/இடிசி/இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ்/இனிட்ராம்எஃப்எஸ்.கான்ஃப்' கோப்பில் 'மாட்யூல்ஸ்=மோஸ்ட்' என்பதை 'டெப்' என்று மாற்றுங்கள், மாட்யூல்ஸ் முழுதும் பெரிய எழுத்து. பிம்பம் வெகுவாகச் சுருங்கும். ஆனால் அந்த வட்டை வேறு கணினியில் மாட்டினால் பூட் ஆகாமல் போகலாம்.

பிடிஆர்எஃப்எஸ்: அழிக்க அழிக்க எதுவும் மாறவில்லை

பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமையில் முதல் சந்தேகம் ஸ்னாப்ஷாட் (ஒரு நேரத்து நிலையின் பிரதி) மீதுதான். ஓப்பன்சூசேயில் ஸ்னாப்பர், மின்ட்டில் டைம்ஷிஃப்ட். அழித்த கோப்பு பழைய ஸ்னாப்ஷாட் ஒன்றில் இருக்கும் வரை இடம் விடுபடாது. 'ஸ்னாப்பர் லிஸ்ட்' பார்த்துப் பழைய எண்களை 'ஸ்னாப்பர் டெலீட்' செய்யுங்கள். எண்ணிக்கை நிரந்தரமாகக் குறைய ஸ்னாப்பரின் அமைப்புக் கோப்பில் வரம்பு வையுங்கள்.

இந்தக் கோப்பு முறைமையில் டிஎஃப்பை நம்ப வேண்டாம், 'பிடிஆர்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டம் யூசேஜ் /' பாருங்கள். ஒதுக்கப்படாத இடம் பூஜ்ஜியமாகி, டேட்டா பகுதிக்குள் மட்டும் காலி இருந்தால் 'பிடிஆர்எஃப்எஸ் பேலன்ஸ் ஸ்டார்ட் -டியூசேஜ்=10 /' அரைகுறையாக நிரம்பிய தொகுதிகளைச் சேர்த்து இடத்தை விடுவிக்கும். 0 என்று தொடங்கி, 10, 20 என்று ஏற்றுங்கள். அழிப்பதற்கே இடமில்லை என்று வந்தால் ஆச்சரியமில்லை. அழிப்பதையும் இது புதிதாக எழுதித்தான் பதிவு செய்கிறது. அப்போது காலி யூஎஸ்பி ஒன்றை 'டிவைஸ் ஆட்' மூலம் சேர்த்து, பேலன்ஸ் செய்து, 'டிவைஸ் ரிமூவ்' மூலம் எடுங்கள். யூஎஸ்பியில் இருந்த பழைய தரவு போய்விடும். ரிமூவ் முடியும் முன் உருவினால் முழுக் கோப்பு முறைமையும் கெட்டுவிடும்.

டேட்டாபேஸ் அடைவு வீங்கியிருக்கிறது

போஸ்ட்கிரஸின் 'பிஜி_வால்' அடைவில் இருப்பவை லாக் போலத் தோன்றினாலும் அவை டேட்டாபேஸின் ஒரு பகுதி. ஒன்றைக் கையால் அழித்தாலும் அது எழாமல் போகலாம். யாரும் பயன்படுத்தாமல் விட்ட ரெப்ளிகேஷன் ஸ்லாட்டோ, தோற்றுக்கொண்டே இருக்கும் ஆர்க்கைவ் கட்டளையோதான் அதை வீங்க வைக்கும். அதைத் தீர்த்தால் தானாகச் சுருங்கும். மைஎஸ்க்யூஎல் 8 பின்லாக்குகளை (மாற்றங்களின் பதிவுகளை) 30 நாள் வைத்திருக்கிறது. ரெப்ளிகாக்கள் படித்து முடித்ததை உறுதி செய்துகொண்டு 'பர்ஜ் பைனரி லாக்ஸ்' கட்டளையால் நீக்கி, 'பின்லாக்_எக்ஸ்பையர்_லாக்ஸ்_செகண்ட்ஸ்' மதிப்பைக் குறையுங்கள்.

எல்லாம் செய்தும் போதவில்லை

வட்டு இடத்தை வால்யூம்களாகப் பங்கிடும் எல்விஎம் பயன்படுத்தும் கணினியில் முதலில் 'விஜிஎஸ்' கொடுத்து 'விஃப்ரீ' நெடுவரிசையைப் பாருங்கள். உபுண்டு சர்வரின் நிறுவி முழு டிஸ்க்கையும் ரூட்டுக்குக் கொடுக்காமல் பாதியளவை ஒதுக்காமலே விடுவதுண்டு. அப்படியிருந்தால் 'எல்விஎக்ஸ்டெண்ட் -ஆர் -எல் +100%ஃப்ரீ' கொடுத்து வால்யூம் பெயரைச் சேருங்கள். ஃப்ரீ முழுதும் பெரிய எழுத்து. கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே பெரிதாகும். சரியாக 100 சதவீதத்தில் நிற்கும்போது இதுவே தோற்கலாம், எல்விஎம் தன் குறிப்பை '/இடிசி/எல்விஎம்' அடைவில் எழுத வேண்டியிருக்கிறது. 'ஆப்ட் கிளீன்' செய்துவிட்டு ஓட்டுங்கள். எக்ஸ்எஃப்எஸ்ஸைப் பெரிதாக்கலாம், பின்னால் சுருக்க முடியாது.

எக்ஸ்ட்4 ஒதுக்கீட்டை 'டியூன்2எஃப்எஸ் -எம் 1' கொடுத்து 1 சதவீதமாக்கினால் 100 ஜிபியில் 4 ஜிபி கைக்கு வரும். ரூட் பார்ட்டிஷனில் 0 ஆக்க வேண்டாம். அடுத்த முறை நிரம்பும்போது உள்ளே நுழைய அந்த ஒரு சதவீதம் வேண்டும். டாக்கரையோ டேட்டாபேஸையோ ஓட்டும் கணினி என்றால் இந்தத் துளித் துளி மீட்பை விட '/வார்/லிப்' அடைவில் உள்ள அந்தச் சேவையின் தரவு அடைவைத் தனிப் பார்ட்டிஷனுக்கு மாற்றுவதே சரியான வேலை. அப்போது அது நிரம்பினாலும் அந்தச் சேவை மட்டும் நிற்கும், உள்நுழைவு நிற்காது.